ஏலத்தில் பழைய கார்: வங்கி வண்டியா, காப்பீட்டு வண்டியா, அரசு வண்டியா?

இணைய ஏலப் பட்டியலில் ஒரே மாடல், ஒரே ஆண்டு கார் மூன்று வெவ்வேறு தொடக்க விலையில் நிற்கும். ஒன்று, தவணை கட்டாததால் வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ பிடித்த வண்டி. இன்னொன்று, விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி, காப்பீட்டு நிறுவனம் ‘முழு இழப்பு’ என்று கணக்கு முடித்த வண்டி. மூன்றாவது, அரசுத் துறையோ பொதுத்துறை நிறுவனமோ கழிக்கும் வண்டி. மூன்றையும் ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்’ என்ற ஒரே விதியில்தான் விற்கிறார்கள். எடுத்த பிறகு எந்தக் குறைக்கும் விற்றவரிடம் போக முடியாது.

தொடக்க விலையை வைத்து மூன்றையும் ஒப்பிடுவதில் பயனில்லை. வண்டி எந்த வாசல் வழியாக ஏலத்துக்கு வந்தது என்பதுதான் அதன் மதிப்பை முதலில் தீர்மானிக்கிறது. வங்கி வண்டியில் ஆபத்து பெரும்பாலும் ஆவணத்தில் இருக்கிறது. காப்பீட்டு வண்டியில் அது உடம்பிலும் வயரிங்கிலும் இருக்கிறது. அரசு வண்டியில் ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றின் காலாவதித் தேதியில் இருக்கிறது. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். எஞ்சினைச் சரிசெய்ய ஒரு விலை உண்டு; ஆர்.சி. மாறாத வண்டியைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்காலும் முடியாது.

வங்கி பிடித்த வண்டி

சொந்தமாக ஓட்ட ஒரே ஒரு கார் வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிடிபட்ட நாள் வரை ஓடிக்கொண்டிருந்த வண்டி என்பதுதான் இதன் பலம். தவணைக்கே பணமில்லாதவர் சர்வீசுக்குச் செலவழித்திருக்க மாட்டார் என்பது பலவீனம். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், டயர் எல்லாம் காலம் கடந்தே இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பிறகு, பிடித்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டில் நின்ற காலம். ஆறு மாதம் அசையாமல் நின்ற காரில் பேட்டரி செத்திருக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறியிருக்கும், பெட்ரோல் பழசாகியிருக்கும். இவை சின்னச் செலவுகள். பானெட்டைத் திறந்ததும் எலிப் புழுக்கை கண்ணில் பட்டால் அது வேறு கணக்கு. கடிபட்ட வயரிங் கிட் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவதற்கே எலக்ட்ரீஷியன் நாட்கணக்கில் கூலி வாங்குவார். ஸ்டெப்னி, ஜாக்கி, மியூசிக் சிஸ்டம், நல்ல பேட்டரி ஆகியவை யார்டிலேயே காணாமல் போவதும் உண்டு. பெட்ரோல் வண்டியில் சைலன்ஸரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதற்குள் இருக்கும் விலை உயர்ந்த உலோகங்களுக்காகவே அதை அறுத்து எடுக்கிறார்கள்.

இனி ஆவணம். பழைய உரிமையாளர் விரும்பி ஒப்படைத்த வண்டியென்றால் அசல் ஆர்.சி., இரண்டு சாவி, கையெழுத்திட்ட படிவங்கள் எல்லாம் கூடவே இருக்கும். வழியில் மடக்கிப் பிடித்த வண்டிக்கு இவை எதுவும் இருக்காது. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 51(5)படி, உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ, கடன் கொடுத்த நிறுவனம் படிவம் 36-இல் விண்ணப்பித்துத் தன் பெயரிலேயே புதிய ஆர்.சி. பெறலாம். அதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம் பழைய உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கும். இது முடியும் வரை நீங்கள் பணம் கட்டிய வண்டி உங்கள் வாசலில் சும்மா நிற்கும். ஆகவே பட்டியலில் ‘ஆர்.சி. இல்லை’ என்றிருந்தால், படிவம் 36 வேலை முடிந்துவிட்டதா, இனிமேல்தான் தொடங்க வேண்டுமா, யார் செலவில் என்று ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழி பதில் போதாது.

வங்கி பெயருக்கு ஆர்.சி. வந்த பிறகு, அல்லது பழைய ஆர்.சி. கையில் இருந்தால், படிவம் 29, 30 உரிமை மாற்றத்துக்கு, படிவம் 35 கடன் பதிவை நீக்க. வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டு எந்த வங்கி பெயரில் கடன் பதிவு இருக்கிறது என்று பாருங்கள். ஏலம் விடும் நிறுவனமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். கடனை வேறு நிறுவனத்துக்குக் கைமாற்றியிருந்தால் இரண்டு இடத்திலும் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். அதே பக்கத்தில் ‘பிளாக்லிஸ்ட்’ குறிப்பு, காப்பீடு முடிந்த தேதி, ஆர்.சி. காலாவதித் தேதி எல்லாம் தெரியும். போக்குவரத்து அபராத நிலுவையைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது வண்டியோடு வந்து உங்கள் தலையில்தான் விழும்.

வெளிமாநிலப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். டெல்லிப் பதிவு டீசல் கார்கள் இதில் தனி ரகம். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் அங்கே விதிக்கப்பட்ட தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் ஒன்பது, பத்து வயதை நெருங்கும் நல்ல டீசல் வண்டிகள் மலிவாக ஏலத்துக்கு வரத் தொடங்கின. தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர அங்கிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே படிவம் 27-இல் புதிய பதிவு எண், இங்கத்திய சாலை வரி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை. இந்த நான்கையும் கூட்டிய பிறகும் உள்ளூர் வண்டியைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பெரும்பாலும் இருக்காது. பெரிய டீசல் வண்டிகளில் மட்டும் சில சமயம் கணக்கு ஒத்துவரும்.

முழு இழப்பு வண்டி

பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பாகக் கணக்கு முடிக்கிறது. இந்த விதியை ஊன்றிப் பார்த்தால் ஏலத்துக்கு உதவும் ஒரு உண்மை கிடைக்கும். ஐ.டி.வி. ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது: இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் 30 சதவீதத் தேய்மானம், நான்கிலிருந்து ஐந்துக்குள் 50 சதவீதம். ஆனால் பானெட், ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக் விலை இறங்குவதில்லை. எட்டு வயது காருக்கு ஐ.டி.வி. இரண்டரை லட்சம் என்றால், 1,87,500 ரூபாயைத் தாண்டும் எஸ்டிமேட்டே அதை முழு இழப்பாக்கிவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதுப் பாகம் போட்டால் முன்பக்கம் ஓரளவு பலமாக இடித்த வண்டிக்கே அந்தத் தொகை வந்துவிடும். ஒரு வயதுக் கார் முழு இழப்பு ஆகியிருந்தாலோ அது உண்மையிலேயே நொறுங்கியிருக்கிறது என்று பொருள். புதுசாக இருக்கிறதே என்று இளவயது முழு இழப்பு வண்டிக்குப் பாய்வது தவறு. மதிப்பு ஒளிந்திருந்தால் அது வயதான வண்டியில்தான் இருக்கும்.

விபத்து வண்டியில் எது போனால் பரவாயில்லை, எது போனால் விலக வேண்டும்? போல்ட் போட்டு மாட்டிய பாகங்கள் எவ்வளவு நசுங்கினாலும் பரவாயில்லை: பம்பர், பானெட், ஃபெண்டர், கதவு, டிக்கிக் கதவு, ரேடியேட்டர். வெல்டிங்கில் உடம்போடு பிறந்தவை வளைந்தால் வேறு கதை: முன்பக்க சேஸிஸ் கால்கள், முன் சக்கரத்துக்கு மேலுள்ள உள்தகடான ஏப்ரன், கூரையைத் தாங்கும் பில்லர்கள், தளம், கூரை. முன்பக்க இடி சேஸிஸ் கால் வரை போனால் அலைன்மென்ட் எவ்வளவு போட்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் உள்பக்கமாகத் தின்னும். படத்திலேயே இதற்கான தடயம் கிடைக்கும். முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தூரம் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, முன் கதவின் மேல்மூலை பில்லரோடு ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள பி பில்லரோ கூரையோ சுருங்கியிருந்தால் அந்த வண்டியைப் பாகங்களுக்காக மட்டுமே விலை போட வேண்டும்.

ஏர்பேக் வெடித்திருந்தால் பையை மாற்றுவதோடு வேலை முடியாது. டேஷ்போர்டு, ஸ்டீயரிங்கில் உள்ள கிளாக் ஸ்பிரிங், சீட் பெல்ட்டின் இழுப்பான், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்தே வரும். சரிசெய்து விற்கும் இடங்களில் பைக்குப் பதில் வெறும் மூடி வைத்து, எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் பொருத்திவிடுவது உண்டு. உயிரோடு விளையாடும் வேலை இது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எரிந்து அணைந்தாலும் ரெசிஸ்டர் வேலையை அது காட்டிக்கொடுக்காது. மூடியின் விளிம்பைப் பார்ப்பது அதனால்தான் தேவை.

வெள்ள வண்டியைப் பற்றி எங்கள் முடிவு நேரானது: ஓட்டுவதற்காக வாங்காதீர்கள். தளத்தைத் தாண்டி சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய வண்டியில் கியர் லிவருக்குக் கீழே இருக்கும் ஏர்பேக் பெட்டி, தளக் கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயரிங் இணைப்புகள் எல்லாம் நனைந்திருக்கும். காய்ந்ததும் வண்டி நன்றாகவே ஓடும். மாதங்கள் கழித்து, செம்பு முனைகளில் பச்சை பூக்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகப் பிரச்சினை வரும்: ஒரு நாள் பவர் விண்டோ, இன்னொரு நாள் மீட்டர், அடுத்து நடுரோட்டில் எஞ்சின் நின்றுவிடும். எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாததால் அதற்கு விலை போடவும் முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று: வெள்ள வண்டி காப்பீட்டு வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இல்லாதவருக்குக் காப்பீடு பணம் தருவதில்லை. அப்படிப்பட்டவர் தவணையைக் கைவிட்டால் அந்தக் கார் வங்கி வண்டியாகப் பட்டியலில் ஏறும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் சென்னையில் நின்று தாங்கிய வண்டிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் பதிவென்றால் வங்கி வண்டியிலும் இந்தச் சோதனைகளை விடக்கூடாது. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து அடி முனையில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னிக் குழியில் மணல், சீட் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் கிடைமட்ட நீர்க்கோடு, கம்பளத்தைத் தூக்கினால் அடியிலுள்ள ஃபோமில் வாடை. வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்த காரில் இந்த வேலையை இரண்டு முறை செய்யுங்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்த வண்டியில் கனெக்டிங் ராடு லேசாக வளைந்து அந்தச் சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைந்திருக்கும். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் காரணம் தெரியாமல் பணம் கட்டக் கூடாது.

காப்பீட்டு வண்டிக்கும் ஆவண வேலை உண்டு. ஆர்.சி. ரத்து செய்த வண்டியா, ஆர்.சி.யோடு தருகிறார்களா என்பது பட்டியலில் இருக்கும். ரத்து என்றால் அது உதிரிபாகக் குவியல், அவ்வளவுதான். ஆர்.சி.யோடு வரும் நொறுங்கிய வண்டிகளை, பழைய இரும்பு விலையைவிட மிக அதிகமாகக் கேட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்குப் பொருத்தி விற்பதற்காகத்தான் அந்த விலை. சரிசெய்து முடித்த முழு இழப்பு வண்டியை யாரிடம் வாங்கினாலும் சேஸிஸ் எண் அடித்த இடத்தைச் சுற்றி கிரைண்டர் கோடு, புது வெல்டிங், பொருந்தாத எழுத்துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

அரசு கழிக்கும் வண்டி

எம்.எஸ்.டி.சி. போன்ற பொதுத்துறை ஏல மேடைகளில் வரும் பொலிரோ, சுமோ, அம்பாசடர் படங்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் முதலில் ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு நிறைந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். அத்தகைய ஏலத்தில் தனிநபர் கலந்துகொண்டாலும் சாலைக்குத் திரும்பும் வண்டி கிடைக்காது. விதிமுறைக் கோப்பில் ‘உடைப்பு மையங்களுக்கு மட்டும்’ என்ற வரியைத் தேடுங்கள்.

தனிநபருக்குப் பயன்படுவது 15 ஆண்டு நிறையாமலே கழிக்கப்படும் வண்டிகள்தான். பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள் தங்கள் அதிகாரிகள் பயன்படுத்திய கார்களை அப்படி விற்பதுண்டு. லாக் புக் இருக்கும், சர்வீஸ் பதிவு இருக்கும், ஓடிய தூரம் பெரும்பாலும் நம்பத்தக்கது. பல டிரைவர்கள் கைமாறி ஓட்டியதால் கிளட்சும் சஸ்பென்ஷனும் தேய்ந்திருக்கும். அரசு நடத்தும் ஏலத்தில் எடுத்த வண்டிக்கு உரிமை மாற்றம் படிவம் 32-இல், வண்டியைப் பெற்ற 30 நாளுக்குள் செய்ய வேண்டும். விற்பனையை உறுதி செய்யும் உத்தரவு கூடவே இருக்க வேண்டும். கையெழுத்து வாங்க யாரையும் தேடி அலைய வேண்டாம் என்பது இதன் பெரிய நிம்மதி.

மதிப்பைக் குறைப்பது மீதமிருக்கும் ஆயுள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். 12 வயதுக் காரை வாங்கினால் மூன்று ஆண்டில் பதிவைப் புதுப்பிக்கும் படிவம் 25, தகுதிச் சோதனை, பசுமை வரி எல்லாம் வரும். புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. புதுப்பித்தாலும் ஐந்தைந்து ஆண்டுதான் கிடைக்கும்.

விலையைப் பின்னாலிருந்து போடுவது

ஏலத்தில் எவ்வளவு கேட்கலாம் என்று முன்னாலிருந்து யோசித்தால் போட்டி உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அதே மாடல், அதே ஆண்டு, அதே மாநிலப் பதிவு, அதே எத்தனையாவது ஓனர் என்ற நான்கும் பொருந்தும் வண்டி உங்கள் ஊரில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். விளம்பரத்தில் சொல்லும் விலை அதுவல்ல. பேரம் முடிந்த விலை வேண்டும். ஐ.டி.வி.யையும் சந்தை விலையாக எடுக்காதீர்கள். ஐந்து வயதுக்குப் பிறகு அது இரு தரப்பும் பேசி வைக்கும் எண்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஊரில் 3,80,000 ரூபாய்க்குப் போகும் பெட்ரோல் ஹேட்ச்பேக், வங்கி ஏலத்தில், ஆர்.சி. உண்டு. நான்கு டயர் 16,000, பேட்டரி 4,500, கிளட்ச் செட் கூலியோடு 9,000, ஆயில் ஃபில்டர் பிரேக் 8,000, இரண்டு பேனல் டிங்கரிங் பெயின்ட் 8,000, ஏ.சி. வேலை 6,500: மொத்தம் 52,000. ஏல மேடையின் கட்டணம் 10,000, யார்டு வாடகை 2,000, லாரி 8,000, ஆர்.டி.ஓ. செலவும் அபராத நிலுவையும் 8,000, காப்பீடு 12,000: மொத்தம் 40,000. கண்ணுக்குத் தெரியாத பழுதுக்குச் சந்தை விலையில் பத்தில் ஒரு பங்கு, 38,000. கழித்தால் மீதம் 2,50,000. இதுதான் உச்சவரம்பு. ஸ்டார்ட் ஆகாத வண்டியென்றால் பழுதுக்கான பங்கை இரட்டிப்பாக்குங்கள். ஏல விலைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்று விதியில் இருந்தால் நீங்கள் கேட்கக்கூடியது 2,11,800 தான். இந்த ஒரு வரியைப் படிக்காமல் கேட்டு, ஏலம் எடுத்த பிறகு பின்வாங்கி, ஈ.எம்.டி. என்னும் முன்வைப்புத் தொகையை இழப்பவர்கள் உண்டு.

எதிரே கேட்பவர்கள் பெரும்பாலும் பழைய கார் வியாபாரிகள். விற்று லாபம் பார்க்க வேண்டியிருப்பதால் அவர்கள் ஓரிடத்தில் நின்றுவிடுவார்கள். ஓட்டுவதற்காக எடுப்பவர் அந்த லாபத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கேட்கலாம். ஆனால் வியாபாரிகள் எல்லோரும் சீக்கிரமே ஒதுங்கிய வண்டியில் நீங்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், அவர்கள் யார்டில் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை என்று கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். ஆகவே கடைசி நொடித் தந்திரத்துக்கு வேலையில்லை. முதலிடம் வந்தாலும் விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று பல பட்டியலில் இருக்கும். ஒப்புதல் வரும் வரை வேறு வண்டிக்குப் பணத்தை முடக்காதீர்கள்.

யார்டுக்குப் போகும்போது டார்ச், பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர், வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் மூன்றும் போதும். கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய 80 முதல் 140 மைக்ரான் காட்டும். 200-க்கு மேல் மறுபூச்சு. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. ஒரு கதவில் மறுபூச்சு இருப்பது குற்றமில்லை. கூரையிலும் பில்லரிலும் இருந்தால் விசாரிக்க வேண்டும். கண்ணாடிகளில் பொறித்த ஆண்டுக் குறி எல்லாவற்றிலும் ஒன்றாக வருகிறதா, டயரின் நான்கு இலக்கம் என்ன சொல்கிறது (2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம்), பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்பவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஸ்கேனரில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் சுயசோதனைகள் எதுவும் முடியவில்லை என்று காட்டினால், பேட்டரி கழன்றிருந்ததா, யாராவது பிழைகளை அழித்தார்களா என்று கேளுங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரலாற்றைக் கேளுங்கள்.

பார்வையிட அனுமதிக்காத வண்டிக்கும், பத்துப் படத்தில் ஒரே ஒரு பக்கத்தைக் காட்டாத வண்டிக்கும், அந்தப் பக்கம் முழுதாகப் போய்விட்டது என்று வைத்தே விலை போட வேண்டும்.

ஏலம் எடுத்த வண்டியை யார்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். அதன் பாலிசி பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும். வழியில் யார் மீதாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். லாரியில் ஏற்றி நேரே பட்டறைக்குக் கொண்டுபோய், பழைய பெட்ரோலையும் ஆயிலையும் இறக்கி, பிரேக் பார்த்த பிறகே முதல் ஸ்டார்ட். டெலிவரி ஆர்டர், பணம் கட்டிய ரசீது, விற்பனைக் கடிதம், யார்டு கேட் பாஸ் நான்கின் அசலையும் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறும் வரை பத்திரமாக வைத்திருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள்வி வந்தால் அந்த நான்கும்தான் பதில்.